சித்தி கொடுத்த ஞானஸ்நானம்

ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார்தான் வேண்டும் என்பதில்லை. உயிருக்கு ஆபத்து, சாமியார் வருவதற்குள் நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆண், பெண், வேற்று மதத்தவர் யாரானாலும் பாதகமில்லை. தண்ணீர் வேண்டும், அது தலையில் பட்டு ஓட வேண்டும். உரிய வார்த்தைகளைக் குறைவில்லாமல் சொல்ல வேண்டும். திருச்சபை செய்வதைத்தான் நானும் செய்கிறேன் என்ற எண்ணம் கொடுப்பவரின் மனதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அரசாங்கத்தில் கோப்பு பார்த்தே தலை நரைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சிக்கனமான நடைமுறையை வேறெந்த இலாகாவிலும் நான் கண்டதில்லை. செத்தவர் செத்துவிட்டார் என்று நிரூபிக்கக்கூட நாங்கள் இதைவிட அதிகம் கேட்போம்.

இந்த விதி எனக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம். அந்தத் தகுதியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைச் சாமியார் முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார்கள்.

சாட்சி என் சித்தியைப் பற்றியது. அம்மாவுக்கு அவள் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, எங்கள் வீட்டிலிருந்தே கல்யாணமாகிப் போனவள். அவளுக்குக் கடுமையான மனநோய் இருந்தது. இன்று அதற்கு ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு ஒரு எண்ணும் உண்டு. சுகாதார இலாகாவில் இருந்த எனக்கு இரண்டும் தெரியும். அன்று எங்கள் வீட்டில் அதற்கு 'மூளைச்சூடு' என்று பெயர். சூடு என்றால் ஒருநாள் தணிந்துவிடும் அல்லவா? அந்த நம்பிக்கையில் வைத்த பெயர்.

கல்யாணத்துக்கு முன்பே ஒரு டாக்டர் அவளுக்கு மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை சாப்பிட்டால் சித்தி கொஞ்சம் தூங்கி வழிவாள். ஆனால் தெளிவாக இருப்பாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அப்பாவின் கொள்கை. அப்பா கோர்ட்டு குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் பல வருஷம் ஆன பிறகும் அவருடைய தீர்ப்புகள் பிரெஞ்சிலேயே வந்தன. ஒரு காரியம் ஒழுங்குப்படி நடந்திருந்தால் "ரெகுலியே" என்பார். அது நல்ல காரியமா, கெட்ட காரியமா என்பது வேறு மேஜையின் வேலை. சித்தியின் கல்யாணம் ரெகுலியே. கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், மோதிரம் மாற்றினார்கள், மில்லில் ஷிப்டு வேலை பார்க்கும் சித்தப்பா வெட்கத்தோடு சித்தியைக் கூட்டிக்கொண்டு போனார்.

சித்தி முழுகாமல் இருந்தபோது மாத்திரைப் பொட்டலம் சித்தப்பாவின் கண்ணில் பட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் அவருக்கு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கண்ட மாத்திரையைத் தின்னலாமா என்ற பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்ட வைத்தன. ஒரு டாக்டரைப் போய்க் கேட்டுவிட்டுக் கொட்டியிருக்கலாம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர ஒரு மாதமும் ஒரு முறையும் உண்டு. சித்தி அந்த மாதத்துக்கு வெகு முன்பே, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரிக்‌ஷாவில் தனியாக எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். இறங்கியதும் ரிக்‌ஷாக்காரரிடம், "என்னப் பத்தி ஒங்ககிட்ட அவ எதுனா சொன்னாளா?" என்று கேட்டாள். யார் அந்த அவள் என்று இரண்டு நாளில் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

எங்கள் கொல்லைக் குழாயில் ஒருத்தி இருந்தாள். எங்களுக்கு அவள் குரல் கேட்காது; சித்திக்கு மட்டும் கேட்கும். தண்ணீர் வரும் நேரத்தில் அதிகம் பேசுவாள். பெரும்பாலும் குறை சொல்லுகிற ரகம். சித்தியின் குழம்பில் உப்பு அதிகம் என்பாள், புடவைக்கட்டு சரியில்லை என்பாள். கொல்லையில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதும்போது எங்கள் மூவருக்கும் இடையே சம்பாஷணை நடக்கும்.

"என்னாடி எழுதற?"

"கணக்கு, சித்தி."

"அவ சொல்றா, நீ கணக்குல மக்காம்."

"அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"இது என்னா பெரிய ரகசியமா? ஒங்கம்மாவே தெரு பூரா சொல்லிக்கினு இருக்கா."

எனக்கு சித்தியைப் போல வேடிக்கையான பெரியவர் யாரும் கிடையாது. வேடிக்கையாக இல்லாத நாட்களும் இருந்தன. சோற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று குழாய்க்காரி சொல்லிவிடுவாள். சித்தி இரண்டு வேளை பட்டினி கிடப்பாள். காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, "போதும், போதும், காலைப் புடிச்சுக்கறேன், நிறுத்து" என்று கெஞ்சுவாள். அப்போது அம்மா ஒரு பழந்துணியைக் கிழித்துக் குழாயின் வாயில் சுற்றி இறுக்கிக் கட்டுவாள்.

"வாயக் கட்டிட்டேன். இனிமே ஒண்ணும் பேச மாட்டா. வந்து தின்னு."

சித்தி போய்க் கட்டைப் பார்ப்பாள், முடிச்சை இழுத்துப் பார்ப்பாள், வந்து தின்பாள். எந்த மருத்துவப் புத்தகமும் பரிந்துரைக்காத இந்த வைத்தியம் சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை.

அந்த வருஷம் நான் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு, தயாராகிக்கொண்டிருந்தேன். கன்னியாஸ்திரீ அம்மாவின் ஞானோபதேச வகுப்பில் பாடம் ஒப்புவிக்காவிட்டால் புதுநன்மை கிடையாது, வெள்ளை கவுனும் கிடையாது. ஆகவே கவுனை நினைத்துக்கொண்டு மோட்சத்தின் விதிகளைப் படித்தேன். அவசர ஞானஸ்நானம் எனக்கு மிகவும் பிடித்த பாடம். என் மரப்பாச்சியைச் சாகக் கிடக்க வைத்து, ஈரத்துணியால் அதன் தலையைத் தடவி, வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது செல்லாதுடி. தடவுனா செல்லாது. தண்ணி ஓடணும்."

"நெஜமாவா?"

"பின்ன? நாங்க மட்டும் ஞானோபதேசம் படிக்காமலா வந்தோம்? மூணு தபா ஊத்து. பிதா ஒரு தபா, சுதன் ஒரு தபா, இஸ்பிரீத்து சாந்து ஒரு தபா. அவசரத்துல வார்த்தைய முழுங்கிடாத."

மரப்பாச்சி ஒழுங்குப்படி மோட்சம் போயிற்று.

பிரசவம் ஆஸ்பத்திரியில் சுலபமாக முடிந்தது. ஆண் குழந்தை. வலியின்போது சித்தி வாய்விட்டுக் கத்தவேயில்லை என்று அம்மா பிறகு பலமுறை ஆச்சரியப்பட்டிருக்கிறாள். "குழாய்க்காரி அங்கயும் வந்தாளா?" என்று அம்மா பயந்து பயந்து கேட்டாளாம். "இங்க அவளுக்கு என்னா வேலை? நானே பாத்துக்கறேன், நீ போன்னுட்டேன்" என்றாளாம் சித்தி.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு அவள் போகச் சொன்னவள் திரும்ப வந்துவிட்டாள். பயப்படக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மத்தியானம் சித்தி குழந்தையைத் துணிக்கூடையில் படுக்க வைத்து, குழாய்க்காரியின் கண்ணில் படக்கூடாது என்று மேலே துணிகளைப் போட்டு மூடிவிட்டாள். அம்மா பார்த்துப் பாய்ந்து எடுத்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா அன்று முழுக்க அதைக் கீழே விடவில்லை.

அதிலிருந்து சட்டம் கடுமையாயிற்று. பால் குடிக்க மட்டும் குழந்தை சித்தியிடம் வரும். குடித்து முடிக்கும்வரை அம்மா எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்ப்பாள். முடிந்ததும் வாங்கிக்கொள்வாள்.

"என்னா அக்கா, பாலு குடுக்கறதுக்குமா போலீஸு?" என்பாள் சித்தி.

"பேசாம குடு."

"நான்தான் பேசாம இருக்கேன். பேசறவ அங்க கொல்லைல இருக்கா. அவளப் போய்ப் புடி."

அம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவாள். பாதி நாள் தோற்றுப்போவாள்.

இந்தச் சமயத்தில்தான் காரைக்காலிலிருந்து சித்தப்பாவின் அக்கா வந்து சேர்ந்தாள். எனக்கு அவள் காரைக்கால் அத்தை. பிள்ளையில்லாதவள், வசதியுள்ளவள், கெட்டவள் அல்ல. வந்த அன்றே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டவள் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபமாலை சொன்னாள். எங்கள் கூடத்து மேஜையைச் சுற்றி அத்தை, சித்தப்பா, அப்பா, அம்மா நால்வரும் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். "தம்பிப் பாப்பா கொஞ்ச நாளு காரைக்காலுக்குப் போயிட்டு வருவான்" என்று மட்டும் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. முழு முடிவும் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோவிலில் ஞானஸ்நானம். அத்தைதான் ஞானத்தாய். கோவிலிலிருந்து வீட்டுக்கு வராமல் அப்படியே பஸ் ஸ்டாண்டு. குழந்தை இனிக் காரைக்கால் வீட்டுப் பிள்ளை. சித்தியை மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. சித்தியிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பழக்கம் ஒத்தாசையாக இருந்தது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் வீடுகளில் அந்நாளில் பிள்ளை பெற்றவள் ஞானஸ்நானத்துக்குக் கோவிலுக்குப் போவதில்லை. நாற்பது நாள் கழித்து, கையில் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்று சாமியார் மந்திரித்த பிறகுதான் உள்ளே போவாள். அதற்குள் குழந்தையை ஞானத்தாய் ஏந்திக்கொண்டு போய்க் கிறிஸ்தவனாக்கிக் கொண்டுவந்துவிடுவாள். ஆகவே சித்தியைத் தடுத்து நிறுத்தவோ, பொய் சொல்லவோ யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

"நானும் வரட்டா, அக்கா?" என்று சித்தி சனிக்கிழமை கேட்டாள்.

"நாப்பது நாளு ஆவாம எப்பிடி வருவ? மொறை இல்லையே."

"மொறை இல்லதான்" என்று சித்தி ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அத்தை பட்டுப் புடவை கட்டி, முன்வாசலில் ரிக்‌ஷாவைப் பேசிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வந்து சுவரோரம் நின்றார். அப்பா கோட்டுக்குப் பொத்தான் தேடினார். அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் அம்மா எழுந்து, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைச் சித்தியின் மடியிலேயே விட்டு, "நீ இங்கியே இரு, எங்கியும் போவாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

குழந்தை குடித்து முடித்தது. சித்தி அதைத் தோளில் போட்டுத் தட்டியபடி கொல்லைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். நல்ல வெயில். சித்தி துணி உலர்த்தும் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொடியில துணி இல்ல, பாத்தியா?"

முந்தின நாள்வரை அந்தக் கொடியில் இடமே இருக்காது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குழந்தையின் துணிகள்தான். நான் கெட்டிக்காரியாகப் பதில் சொன்னேன்.

"அத்தை மடிச்சிப் பையில வச்சிட்டாங்க, சித்தி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சட்டை, குல்லா, போர்வை, எல்லாம்."

"கோவிலுக்குப் போயிட்டு வர ரெண்டு துணி போதும்" என்றாள் சித்தி, மெதுவாக.

குழாய்ப் பக்கம் திரும்பினாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழாய்க்காரி ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம்.

"சித்தி, அவ என்னா சொல்றா?"

"இன்னிக்கி அவ வாயத் தொறக்கல" என்றாள் சித்தி. "அந்த லோட்டாவை எடு."

எடுத்துக் கொடுத்தேன். சித்தி முதலில் தண்ணீரைத் தன் முழங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு குழந்தையின் தலையை இடது உள்ளங்கையில் தாங்கிப் பிடித்து, வார்த்தைகளை ஒவ்வொன்றாக, பரீட்சையில் சொல்வது போலச் சொன்னாள். "அந்தோணி, நான் உன்னைப் பிதாவினுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே ஞானஸ்நானம் செய்விக்கிறேன்." மூன்று முறை தண்ணீர் ஓடியது. குழந்தை வீரிட்டது.

வாசலிலிருந்து ஓடிவந்த அத்தை கண்டது வேறு. குழாயடியில் ஒரு பைத்தியக்காரி, கையில் ஈரம் சொட்டக் கதறும் பிள்ளை.

"ஐயோ, புள்ளைய முழுக்கிக் கொல்றா! புடிங்க, புடிங்க!"

அம்மா குழந்தையைப் பிடுங்கினாள். சித்தப்பா சித்தியின் இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டார். அவள் திமிறவில்லை. லோட்டா உருண்டு போய்த் துளசி மாதிரி ஏதோ ஒரு செடியின் அடியில் நின்றது.

"முடிஞ்சிது" என்றாள் சித்தி. "இனிமே எங்க வேணா கொண்டு போங்க."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. நான்தான் கத்தினேன்: "கொல்லல! சித்தி ஞானஸ்நானம் குடுத்தாங்க! வார்த்தை எல்லாம் சரியாச் சொன்னாங்க!"

அப்பாவின் கை கோட்டுப் பொத்தானிலேயே நின்றுவிட்டது. குழந்தை பிழைத்ததா என்ற கவலை அவருக்கு ஒரு கணத்தில் தீர்ந்து, அடுத்த கணம் வேறொரு கவலை வந்துவிட்டது. ஒருவருக்கு ஞானஸ்நானம் ஒரு முறைதான். இரண்டாம் முறை கொடுப்பது தெய்வத் துரோகம். சித்தி கொடுத்தது செல்லுமானால் கோவிலில் நடக்கப்போவது ரெகுலியே அல்ல.

சித்தப்பாவைச் சித்திக்குக் காவல் வைத்துவிட்டு மற்ற எல்லோரும் பூசை முடிந்த கையோடு சாமியார் பங்களாவுக்குப் போனோம். சாமியார் வயதானவர். பூசை முடிந்து காப்பி குடிக்க உட்கார்ந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துக் காப்பியைத் தட்டால் மூடி வைத்தார்.

"பைத்தியம் குடுத்த ஞானஸ்நானம் செல்லுமா, சாமி?" என்று அத்தை ஆரம்பித்தாள். "நீங்க புதுசா குடுத்துடுங்க. அது கணக்குல சேராது."

"இரும்மா. கணக்கு நான் பாக்கறேன்." என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நீ பாத்தியா? பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன், சாமி."

"என்னா தண்ணி?"

"கொழாய்த் தண்ணி, சாமி."

"துணியில நனைச்சித் தடவுனாங்களா, ஊத்துனாங்களா?"

"மொழங்கையில சூடு பாத்துட்டு ஊத்துனாங்க. ஓடுச்சி. என் கால்ல கூட பட்டுச்சி."

"வார்த்தை?"

வார்த்தைகளை ஒப்புவித்தேன். ஞானோபதேச வகுப்பில்கூட அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. சாமியார் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். 'அந்தோணி' என்ற இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"வீட்டுல யாருக்காவது அந்தப் பேரு உண்டா?"

"இல்ல, சாமி" என்றார் அப்பா. "நாங்க வைக்கறதா இருந்தது வேற பேரு."

காணாமல் போன மாட்டுக்கும் தொலைந்த சாவிக்கும் அந்தோணியாரிடம் நேர்ந்துகொள்ளுகிற ஊர் எங்களுடையது. ஆனாலும் அந்த அறையில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

"கொழந்தைக்கு ஆபத்தா எதுனா இருந்துதா? மூச்சு, காய்ச்சல்?"

"நல்லா பாலு குடிச்சிட்டு இருந்தான், சாமி" என்றாள் அம்மா.

"அப்போ என்னா அவசரம்?" சாமியார் மறுபடி என்னைப் பார்த்தார். "ஊத்தறதுக்கு முன்ன சித்தி எதுனா சொன்னாங்களா?"

"கொடியில துணி இல்ல, பாத்தியான்னாங்க."

அத்தை சட்டென்று பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்பா சாமியாரைப் பார்த்து, இதற்குமேல் நான் என்ன சொல்ல என்பது போல இரண்டு கைகளையும் விரித்தார். சாமியார் பெருமூச்சு விட்டார். நான் சாட்சி சொன்னதிலேயே பைத்தியத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆனாலும் சாமியார் நேர்மையானவர். தீர்ப்பை இழுக்கவில்லை.

"தண்ணி சரி. வார்த்தை சரி. சூடு பாத்துட்டு ஊத்தியிருக்கா, புள்ளைக்குப் பேரு வச்சிருக்கா. என்னா செய்யறோம்னு தெரிஞ்சிதான் செஞ்சிருக்கா. ஆபத்து இல்லாதப்போ செஞ்சிருக்கக் கூடாது, அது வேற. ஆனா செஞ்சது செல்லும். நான் இன்னொரு தபா தண்ணி ஊத்த மாட்டேன். எண்ணெய் பூசறது, மத்த சடங்கு, அத மட்டும் இப்போ முடிச்சித் தரேன்."

அதாவது, சித்தியின் மனம் அந்த ஒரு நிமிடத்துக்குச் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முந்தைய நிமிடத்துக்கும் பிந்தைய நிமிடத்துக்கும் யாரும் மனுப் போடவில்லை.

யாரும் போடவில்லை என்பது முழு உண்மை அல்ல. அம்மா வாயைத் திறந்தாள். "அப்போ, சாமி, அவளுக்குத் தெளிவாத்தான் இருக்குதுன்னா..."

"நேரமாவுது" என்றார் அப்பா. "பஸ்ஸு போயிடும்."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அந்த வாக்கியத்தின் பிற்பகுதி என்னவாக இருந்திருக்கும் என்று பல வருஷங்கள் கழித்து அவளிடம் கேட்டேன். "எனக்கே தெரியல. மூடுனதுதான் ஞாபகம் இருக்குது" என்றாள். அன்று இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் தெரியாது. துணிக்கூடையை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் குழந்தையை அத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே சில மாதம் இருந்திருக்கலாம். மாத்திரை மறுபடி கொடுக்கச் சொல்லி டாக்டரைப் பார்த்திருக்கலாம். காரைக்காலுக்கு அனுப்பினாலும் இன்ன தேதிக்குக் காட்டக் கொண்டுவருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாமே செய்யக்கூடிய காரியங்கள். செலவுகூட இல்லாதவை.

சாமியார் எண்ணெய் பூசினார். அத்தை ஞானத்தாயாக நின்று மெழுகுவர்த்தி பிடித்தாள், அழுதாள். அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் பின்னாளில் அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டத்தில் படித்தேன். தண்ணீர் ஊற்றும்போது நிற்பவளே ஞானத்தாய். விட்டுப்போன சடங்கை முடித்துவைக்கும்போது வந்து நிற்பவளுக்கு ஞான உறவு எதுவும் உண்டாகாது. உறவு உண்டாவது தண்ணீர் ஊற்றியவளோடு. பெற்றவள் என்ற உறவை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்துவிட முடிந்தவர்களால் இந்த ஞான உறவை எடுக்க முடிந்திருக்காது. இதைச் சித்தியிடம் சொல்லியும் இருக்கிறேன். அதற்குள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து, மாத்திரைகள் திரும்ப வந்து, குழாய்க்காரி போய், சித்தி எங்கள் வீட்டிலேயே ஒரு அறையில் அமைதியாகத் தையல் போட்டுக்கொண்டிருந்த காலம். ஊசியில் நூலைக் கோத்தபடி, "அப்பிடியா? சட்டத்துல இருக்குதா?" என்றாள். அவ்வளவுதான்.

மகன் காரைக்காலில் வளர்ந்து பிரான்சுக்குப் போனான். இரண்டு முறை வந்தான். நல்ல பையன், சித்தியைச் 'சித்தி' என்றே கூப்பிட்டான். அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மனநல சிகிச்சைக்குச் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று இன்று சட்டம் சொல்கிறது. ஆபத்து என்று பிரித்தாலும், ஆள் துணையோடு அவள் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும். பிரித்து வைத்த முடிவை விடாமல் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பால் கொடுக்க விட்டாளே, கிட்டத்தட்ட அதுதான் இன்றைய சட்டம். அந்தச் சட்டம் என் மேஜைக்கு வந்தபோது எனக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. சித்தி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. படித்து, கையெழுத்திட்டு, உரியவர்களுக்குச் சுற்றுக்கு அனுப்பினேன். எல்லாம் ரெகுலியே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் எனக்கு விளங்காதது ஒன்று நடந்தது. கோவிலிலிருந்து குழந்தை இல்லாமல் நாங்கள் திரும்பியபோது சித்தி குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "எண்ணெ பூசுனாங்களா?" என்றாள். பூசினார்கள் என்றேன். "தண்ணி?" என்றாள். திரும்ப ஊற்றவில்லை, நீங்கள் கொடுத்ததே செல்லும் என்று சாமியார் சொல்லிவிட்டார் என்றேன். சித்தி தலையசைத்தாள். பொழுது சாயச் சாய அவள் ரவிக்கையின் முன்புறம் நனைந்துகொண்டே வந்தது. தண்ணீரில் விளையாடினால் நனையத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

அம்மா பூக்காரியைக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு முழத்துக்கு மேல் பூ வாங்கிப் பார்த்ததில்லை. அன்று கூடையில் இருந்த மல்லிகைப் பந்தை அப்படியே வாங்கிக்கொண்டு சித்தியின் அறைக்குள் போனாள். பால் வற்ற மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்த வைத்தியம். எனக்கு அது தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். சித்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் மார்பைச் சுற்றிப் பூச்சரத்தை வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு இறுக்கிக் கட்டினாள். குழாயைக் கட்டுவாளே, அதே மாதிரி. கட்டிக்கொண்டே அழுதாள்.

இவ்வளவு பூ சித்திக்கு, எனக்கு ஒன்றுமில்லையா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கேட்டேவிட்டேன்.

"எனக்கும் பூ வேணும்."

அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். சித்தி கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கேட்டா குடேன், அக்கா. அவ என்னா கண்டா?"

கட்டுக்கு வெளியே தொங்கிய சரத்தில் ஒரு துண்டை அவளே கிள்ளி, என்னைத் திருப்பி உட்காரவைத்து, சடையில் வைத்துவிட்டாள். பூ ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. நான் கண்ணாடிக்கு ஓடினேன். தம்பிப் பாப்பாவுக்கு ஞானஸ்நானம் ஆனதற்காக எங்கள் எல்லோருக்கும் பூ வாங்கியிருக்கிறார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.